முகவரிப் பட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சித்தப்பா கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு பார்க்கும் முறை இது. மேலே முகவரிப் பட்டையில் ‘கூகுள்’ என்று அடிப்பார். கூகுள் பக்கம் வந்ததும் அதன் நடுவில் இருக்கும் கட்டத்தில் வங்கியின் பெயரை அடிப்பார். பிறகு முதலில் எது வருகிறதோ அதைச் சொடுக்குவார். முதல் வேலை வீண், கடைசி வேலை ஆபத்து.

2008-இல் வந்த குரோம் பிரவுசர், தேடலுக்கும் முகவரிக்கும் ஒரே கட்டத்தைக் கொடுத்தது. புள்ளி வைத்த முழு முகவரியை அடித்தால் நேரே அந்தத் தளம். வெறும் பெயரை அடித்தால் பெரும்பாலும் தேடல். இரண்டில் எது நடக்கிறது என்று பார்க்காமல் என்டர் தட்டுவதுதான் முதல் தவறு. தேடல் முடிவின் உச்சியில் வருவது பல நேரம் விளம்பரம்; வங்கியின் பெயரில் மோசடிக்காரர்களும் அங்கே ஏறியிருக்கிறார்கள்.

அடுத்தது, முகவரியை இடமிருந்து வலமாக மட்டும் படிப்பது. தொடக்கத்தில் வங்கியின் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்தப் பெயரை யாரும் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். தளப்பெயர் முடிந்து முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் முடிவு அது. அதே சொற்கள் நடுவில் வந்து, அவற்றுக்கு வலப்பக்கம் வேறு பெயர் இருந்தால் அது வேறு யாருடைய வீடோ. பூட்டுப் படத்தை நம்புவதும் இதே ரகம்தான். போகும் வழியை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். திருட்டுத் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் 2023-இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பாஸ்வேர்டை முகவரிப் பட்டையிலேயே அடித்தவர்கள் கை தூக்கலாம். நானும் தூக்குகிறேன். தேடல் பரிந்துரைகள் இயங்கும் நிலையில், நாம் அடிக்க அடிக்கவே அந்த எழுத்துகள் தேடுபொறிக்குப் போகின்றன. அழித்துவிட்டால் தீராது, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஒருமுறை பிழையாக அடித்த முகவரி திரும்பத் திரும்பப் பரிந்துரையில் வந்து நிற்கிறதா? அம்புக்குறி விசையால் அதன் மேல் போய் ஷிப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், ஒழிந்தது.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் மதுரை பற்றிய பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம் வரும். கணினிக்கு ‘மதுரை’ என்பது 5 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்து. ஆக மொத்தம் 45. முழு முகவரியையும் தேர்ந்தெடுத்து நகலெடுப்பதால் வரும் வினை இது. குரோமில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை நகலெடுத்தால் தமிழ் தமிழாகவே வரும். விட்டதை ஒட்டிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ‘யுடிஎம்’ என்று தொடங்கும் நீண்ட வால் இருந்தால், அது நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிப்பதற்கு. பகிரும்போது வெட்டிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லா வாலையும் வெட்டாதீர்கள்: யூடியூப்பில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நாற்பது டேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேடுவதும் வேண்டாம். கன்ட்ரோல், எல் இரண்டையும் அழுத்தினால் கர்சர் முகவரிப் பட்டைக்கு வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சதவீதக் குறி போட்டு ஓர் இடைவெளி விட்டுப் பெயரை அடித்தால் திறந்திருக்கும் டேப்புகளில் மட்டும் தேடும். நட்சத்திரக் குறி போட்டால் புக்மார்க்குகளில்.

அதே ஃபயர்ஃபாக்ஸில் ஒரு புக்மார்க்குக்குச் சுருக்கச் சொல் வைக்கலாம். சித்தப்பாவின் வங்கி முகவரிக்கு ‘பணம்’ என்று வைத்துக் கொடுத்தேன். மேலே ‘பணம்’ என்று அடித்து என்டர் தட்டினால் நேரே வங்கி. மறுவாரம் போன் செய்தார், வேலை செய்யவில்லையாம். விசாரித்தால், முதலில் கூகுளுக்குப் போய் அங்கே ‘பணம்’ என்று தேடியிருக்கிறார்.