சந்தைக் கோழியைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாரச்சந்தையில் வாங்கிய வெடைக்கோழியைக் கால்கட்டை அவிழ்த்த கையோடு அந்தக் கூட்டத்துக்குள் விட்டுவிட்டு, மறுநாள் அதன் கொண்டையில் ரத்தத்தைக் கண்டதும், ராசியில்லாத கோழி என்று குழம்புக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இதில் குறை கோழியிடம் இல்லை, விட்ட முறையில்தான் இருக்கிறது.

எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்பதற்குக் கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியல் ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதை முறையாக எழுதி வைத்தார். முதலிடத்துக் கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். சில கூட்டங்களில் முதற்கோழி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கொத்த, அந்த மூன்றாவது முதற்கோழியையே விரட்டும் வேடிக்கையும் உண்டு. சேவல்களுக்குள் வரிசை தனி. இடம் முடிவாகிவிட்டால் சண்டை வெகுவாகக் குறைந்துவிடும். மேலிடத்துக் கோழி கழுத்தை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாலே மற்றது தலையைத் தாழ்த்தித் தீவனத்தை விட்டு நகர்ந்துகொள்ளும். புதிதாக வருவதற்கு அந்த வரிசையில் இடமே இல்லாததால், ஒவ்வொரு கோழியும் அதனோடு தனித்தனியே மோதிப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே மோதலே வராமல் தடுக்க முயல வேண்டாம். அது ரத்தக்காயத்தில் போய் முடியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாங்கும்போதே ஒற்றைக் கோழியாக வாங்காமல், பழைய கோழிகளுக்கு ஈடான பருமனில் இரண்டு மூன்றாக வாங்குங்கள். கொத்து ஒன்றின்மேலேயே விழாது. முதல் இரண்டு வாரம் அவற்றைக் கண்ணுக்கும் எட்டாத தனி இடத்தில் வைப்பது நல்லது. புதியவற்றோடு வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் கொல்லைக்குள் நுழைந்தால் எந்தக் கோழி மேலிடம் என்று பார்க்கக் கோழியே மிஞ்சாது. தடுப்பூசியைப் பற்றி அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒரு வாரம்தான் முக்கியமானது. பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே, நிழலில், பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் புதியவற்றை அதற்குள் விடுங்கள். முதல் நாள் பெரிய கோழி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூங்கில் இடுக்கில் அலகை நுழைக்கும். உள்ளே இருப்பது பின்வாங்கினால் ஒரு கேறலோடு நகர்ந்துபோகும். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் வைத்தே அடையாளம் காண்பதால், இப்படி நெருக்கத்தில் பார்த்துப் பழகுவது வீண்போவதில்லை. சிலிர்ப்பு அடங்கி, பஞ்சாரத்தை ஒட்டியே அவை அசட்டையாகச் சீய்க்கத் தொடங்கினால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

இருட்டிய பிறகு புதியவற்றை எடுத்து, மற்றவை அடைந்திருக்கும் கூட்டில் ஓரமாக வைத்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் அப்போது பெரும்பாலும் சண்டை எழாது. விடியலில் மட்டும் நீங்கள் அருகில் இருக்க வேண்டும். கம்பையும் குருணையையும் ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று நான்கு இடங்களில் இறைத்து, தண்ணீர்ச் சட்டியையும் இரண்டாக வையுங்கள். சித்திரை வெயிலில் மற்ற எதையும்விடத் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் விரட்டல் அதிகம். துரத்தப்படுவது ஓடி ஒளிய ஒரு விறகுக் கட்டோ சாய்த்து வைத்த பலகையோ இருக்கட்டும். மூலையில் சிக்கும்படி அடைப்பு வேண்டாம்.

ஓரிரு கொத்து, சிறு துரத்தல், நெஞ்சோடு நெஞ்சு மோதிக் குதிப்பது ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். இரக்கப்பட்டு ஒவ்வொரு முறையும் விலக்கிவிட்டால், முடிவாக வேண்டிய கணக்கு நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். ரத்தம் தெரிந்தால் மட்டும் காயப்பட்டதை உடனே எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் வந்து அதே இடத்தில் கொத்தும். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசி, புண் ஆறிய பிறகே திரும்ப விடுங்கள். கூட்டத்தில் நல்ல சேவல் ஒன்று இருந்தால் பெட்டைகளின் சண்டை பெரும்பாலும் குறையும்.

ஒரே கோழி விடாமல் அடாவடி செய்தால், அடிபடுவதைப் பிரிக்காமல், அடிப்பதைப் பிடித்துச் சில நாட்கள் அதன் குரலும் எட்டாத இடத்தில் அடைத்து வையுங்கள். அது திரும்பி வரும்போது மற்றவை தமக்குள் இடம் முடிவு செய்திருக்கும் என்பதால் அதன் துடுக்கு பல சமயம் தணிந்துவிடும். அடைக்கு வைத்த உங்கள் சொந்தக் கோழியும், 21 நாள் தனி அறையில் இருந்துவிட்டுக் குஞ்சுகளோடு இறங்கும்போது மற்றவற்றுக்கு அந்நியமாகத் தெரியலாம். அதையும் குஞ்சுகளோடு இரண்டு மூன்று நாட்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த பிறகு திறந்துவிடுங்கள்.