பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

கோலாலம்பூருக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். பிரிக்பீல்ட்ஸில் வாடகை எவ்வளவு, எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும். பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருக்கும். கல்லூரிக்கு என்ன யோசனை என்று கேட்டால், "அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கே அக்கா" என்பார்கள். 2013இல் வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். அந்த அஞ்சு வருஷத்தில் நாங்கள் கோட்டை விட்டது ஒரே ஒரு பெட்டி. ஒரு படிவத்தில் இருந்த சின்னச் சதுரப் பெட்டி.

அதற்கு வருகிறேன். முதலில் மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே நாலு தலைமுறையாக இருக்கும் நம் மக்கள் அன்போடு நிறைய யோசனை சொல்வார்கள். செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு ரயில் ஏறவும் சந்தையில் மீன் வாங்கவும் கற்றுக்கொடுத்தவர். "பசியாறிட்டீங்களா" என்று கேட்காமல் ஒருநாளும் பேச்சைத் தொடங்க மாட்டார். ஆனால் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் என்ற இந்த நாட்டுப் பல்கலைக்கழக முன்படிப்புகள், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பம், அரசின் ஜேபிஏ உபகாரச் சம்பளம், பிடிபிடிஎன் கல்விக் கடன் என்று அவர் தன் பேத்திக்குப் போட்ட கணக்கு எதுவும் நமக்குப் பொருந்தாது. அவை இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு வருடம் அந்தக் காகிதங்களைச் சேகரித்தேன்.

நம் பிள்ளைகளும் இங்கேயே படிக்கலாம். சன்வேயில் மோனாஷ், செமினியில் நாட்டிங்ஹாம் மாதிரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் இருக்கின்றன. மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் சலுகை தரும் தனியார் கல்லூரிகளும் உண்டு. அந்தச் சலுகையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. இன்னொன்று, பெற்றோரின் வேலை அனுமதியை ஒட்டிப் பிள்ளைக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸ் 18 வயது வரைதான். அதற்கு மேல் இங்கே கல்லூரி என்றால் மாணவர் பாஸ். அது வெளிநாட்டு மாணவர் அனுமதிகளைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு வழியாகப் போகும், பெரும்பாலும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பிள்ளையின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.

எந்தப் பாடத்திட்டம் என்பதை ஒன்பதாம் வகுப்புக்குள் முடிவு செய்துவிட வேண்டும். ஊரில் கல்லூரி என்று மனத்தில் இருந்தால் சிபிஎஸ்இ-யில் தலைவலி குறைவு, முடிவுகள் மே மாதம் வந்துவிடும். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஏ லெவல் (நம் பன்னிரண்டாவது மாதிரி) என்றால் மே-ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்ட் நடுவில்தான் வரும். அதற்குள் ஊரில் கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்து, பிள்ளைகள் விடுதிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே அதற்கு முந்தைய அக்டோபர்-நவம்பர் தேர்வை எழுதிவிட வேண்டும். பிறகு டெல்லியில் ஏஐயு என்ற அமைப்பிடம் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவம் என்றால் உயிரியலை ஐஜிசிஎஸ்இ (அதே பாடத்திட்டத்தின் பத்தாவது) முடிந்ததும் கைவிட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் நீட்டுக்கு வேண்டும். நீட், பொறியியலுக்கான ஜேஇஇ மெயின் இரண்டுக்கும் கோலாலம்பூரில் மையம் உண்டு, அதற்காக விமானம் ஏற வேண்டாம். பினாங்கில் இருப்பவர்கள் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி முந்தின நாளே வந்துவிடுவது நல்லது.

சரி, இப்போது விஷயத்துக்கு.

மத்திய அரசின் என்ஐடி பொறியியல் கல்லூரிகளுக்குள் போக நமக்கு இரண்டு வாசல். ஒன்று டாசா, வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கானது. பதினொன்றும் பன்னிரண்டும் வெளிநாட்டிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவுக்கு மட்டும் சென்னையில் கோச்சிங் சேர்த்துவிடலாம் என்று பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 4,000 அமெரிக்க டாலர். எட்டு செமஸ்டருக்கு 32,000. அதை வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) மாற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

துபாயில் இருக்கும் என் நாத்தனார் கணவர், "எங்க பசங்களுக்கெல்லாம் உள்நாட்டுக் கட்டணம்தானே, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி எங்களை ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்க வைத்திருந்தார். அது டாசாவிலேயே சிஐடபிள்யூஜி என்ற தனிப் பிரிவு. வளைகுடா நாடுகளில் வேலை செய்கிற இந்தியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். மலேசியா எந்த வரைபடத்திலும் வளைகுடாவில் இல்லை. துபாய்க்காரர் பேச்சைக் கேட்டு கோலாலம்பூரில் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது வாசல், ஊரில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் போல ஜேஇஇ எழுதி, ஜோசா என்ற மத்திய அரசுக் கலந்தாய்வில் வருவது. இந்தியக் குடியுரிமை இருந்தால் போதும், வெளிநாட்டில் படித்தது தடையில்லை. வருடத்துக்குப் படிப்புக் கட்டணம் ஒன்றேகால் லட்சம் ரூபாய். நாங்கள் இந்த வாசலைத்தான் எடுத்தோம். பெரியவளும் உழைத்தாள். விடியற்காலை நாலு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரியும். பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு நான் மறுபடி படுப்பேன்.

என்ஐடி-யில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. திருச்சி என்ஐடி-யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு. ஐஐடி-யில் இந்த மாநிலக் கணக்கு கிடையாது. சரி, யார் எந்த மாநிலம் என்று எதை வைத்துச் சொல்வார்கள்? பன்னிரண்டாவதை இந்தியாவில் முடித்திருந்தால், முடித்த பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அது. வெளிநாட்டில் முடித்திருந்தால், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய நிரந்தர முகவரி. ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, பிறந்த ஊர் இல்லை, தாய்மொழியும் இல்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயருக்குக் கீழே மூன்று வரி இருக்கிறதே, அது.

சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இங்கே இருக்கும் காலத்தில் ஒருமுறையாவது புதுப்பித்தே ஆக வேண்டும். முதல் தடவை நானே உட்கார்ந்து படிவம் நிரப்பினேன், ஸ்ரீரங்கம் முகவரி அப்படியே வந்தது. இரண்டாம் தடவை பெரியவள் பத்தாவது முடித்த சமயம். என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கடி, எனக்கு டெங்கு. புகைப்படம் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, படிவமும் நிரப்பித் தரும் கடை ஒன்றில் ஐம்பது வெள்ளி கொடுத்து வேலையை ஒப்படைத்தோம். அந்தப் பையன் தற்போதைய முகவரியில் எங்கள் அடுக்குமாடி வீட்டை அடித்தான். நிரந்தர முகவரி என்ற இடத்துக்கு வந்ததும், "மேலே உள்ளதே" என்ற பெட்டியில் ஒரு டிக் போட்டுவிட்டான். அவனுக்கு அரை நிமிட வேலை மிச்சம். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, கீழே கையெழுத்துப் போட்டது என் வீட்டுக்காரர். புது பாஸ்போர்ட் வந்ததும் நாங்கள் என்ன பார்த்தோம்? போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தோம்.

ஜேஇஇ விண்ணப்பத்தில் எந்த மாநிலம் என்று கேட்ட இடத்தில் தமிழ்நாடு என்று போட்டோம். வேறு என்ன போடுவோம்? தரவரிசை வந்தது. திருச்சி என்ஐடி-யில், தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீட்டில், அவள் கேட்ட பாடப்பிரிவே கிடைத்தது. மாமியாருக்குப் போன் போட்டோம். அன்று சாயங்காலமே மாடி அறையில் இருந்த பழைய பாத்திரங்களை இறக்கி, ஒரு இரும்புக் கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டார். பேத்தி சனி, ஞாயிறு வந்து போவாள் என்று.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை இரவு, ஏற்றிய ஆவணத்துக்கு விளக்கம் கேட்டு இணையக் கணக்கில் ஒரு செய்தி. மாநிலத் தகுதிக்கு ஆதாரம் எங்கே? நாங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தது அப்போதுதான். ஜாலான் கிளாங் லாமா என்று ஆரம்பித்து, அஞ்சல் குறியீட்டோடு, கோலாலம்பூர், மலேசியா என்று முடிந்தது. ஸ்ரீரங்கம் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

அந்த இரண்டு நாளில் நாங்கள் அனுப்பாத காகிதம் இல்லை. பழைய பாஸ்போர்ட், வீட்டு வரி ரசீது, மாமனாரின் ஆதார், என் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும். விதியில் இருப்பது பாஸ்போர்ட் முகவரி, அவர்கள் விதியைப் படித்தார்கள். முகவரியை மாற்றிப் புது பாஸ்போர்ட் வாங்க வாரக் கணக்கு ஆகும், கலந்தாய்வோ நாள் கணக்கில் ஓடுகிறது. இடம் போனது. அடுத்த சுற்றில் பிற மாநிலத்தார் வரிசையில் வடக்கே ஒரு கல்லூரியில், கேட்காத பாடப்பிரிவில் இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்து போக இரண்டு ரயில் மாற வேண்டும். அவள் நன்றாகத்தான் படிக்கிறாள், முதல் செமஸ்டரில் வகுப்பில் மூன்றாவது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அங்கே சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. பிள்ளையின் பாஸ்போர்ட்டை இன்று ராத்திரியே எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மலேசிய முகவரி இருந்தால், பிள்ளை ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ இருக்கும்போதே மாற்ற விண்ணப்பியுங்கள். ஊர் முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். பிள்ளையின் ஆதாரிலும் உங்கள் பாஸ்போர்ட்டிலும் அதே முகவரி, அதே எழுத்துக்கூட்டல் இருந்தால் வேலை சுலபம். இரண்டில் ஒன்றாவது சரியாக இல்லை என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கல்யாண வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள். படிவத்தை யார் நிரப்பினாலும் சரி, அனுப்பும் முன் "மேலே உள்ளதே" பெட்டியை உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஊருக்குப் போகும் அதே பயணத்தில் ஜாதிச் சான்றிதழையும் கவனியுங்கள். நம் ஊரில் ஒருமுறை வாங்கிய பிசி, எம்பிசி அட்டை மத்திய அரசுக் கலந்தாய்வில் செல்லாது. ஓபிசி, கிரீமி லேயர் (வசதி படைத்தோர் பிரிவு) இல்லை என்ற மத்திய அரசுப் படிவத்தில், அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அதாவது முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாது. தாலுகா அலுவலகத்துக்கு அலையத் தெரிந்த ஒரு சித்தப்பாவை முன்கூட்டியே பிடித்து வைக்கலாம். தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வு வேறு கதை. அதற்கு ஜேஇஇ வேண்டாம், பன்னிரண்டாவது மதிப்பெண்தான். வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். அதே சித்தப்பா.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. இந்திய வெளியுறவு அமைச்சகம் வெளிநாட்டு இந்தியர்களின் பிள்ளைகளுக்கு எஸ்பிடிசி என்று ஒரு திட்டம் நடத்துகிறது, 2006-07இல் தொடங்கியது. வருடத்துக்கு 150 பேர், ஒருவருக்கு 4,000 டாலர் வரை. அதில் 50 இடம், வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டிய இசிஆர் நாடுகளில் உழைக்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு. சிஐடபிள்யூஜி மாதிரி இல்லை, இந்தப் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது! குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. சேர்க்கை கிடைத்த பிறகு முதல் வருடத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். ஆனால் வருமானச் சான்று, வேலை ஒப்பந்தம் எல்லாம் தூதரக முத்திரைக்குப் போய் வர நாளாகும், ஆகவே பன்னிரண்டாவது தேர்வு முடிந்ததும் கோப்பைத் தயார் செய்யுங்கள். மேசன் வேலைக்கும் உணவக வேலைக்கும் வந்த நம் ஊர்த் தம்பிகளுக்கு இது தெரிவதே இல்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் யாரையாவது பார்த்தால், பிள்ளை ஊரில் என்ன படிக்கிறது என்று கேட்டு, சொல்லிவிட்டு வாருங்கள்.

சின்னவன் இப்போது ஒன்பதாவது. போன மாதம் அவன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தோம். இந்தத் தடவை படிவத்தை நான்தான் நிரப்பினேன், என் வீட்டுக்காரர் பின்னால் நின்று ஒவ்வொரு பெட்டியாக வாய்விட்டுப் படித்தார். புத்தகம் கைக்கு வந்ததும் நேராகக் கடைசிப் பக்கம். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தமிழ்நாடு. மாமியாருக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். "எல்லாம் சரிதாம்மா, நம்ம உத்தர வீதியில ஒரு எழுத்தை விட்டிருக்கான் பாரு" என்றார். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.