ஓடையோர மனைப்பிரிவு: ஜல்லி கொட்டுமுன் செய்யவேண்டியவை

கடலூர்ப் பக்கம் கெடிலத்தில் சேரும் ஓடையை ஒட்டி மனைப்பிரிவு வருகிறதா? ஓடையையும் மரங்களையும் காக்க, முதலில் கிராம வரைபடம், புலப்படம் (புல எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றையும் எடுங்கள். ஓடைப் புறம்போக்கு எந்தப் புல எண், எத்தனை ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர்) என்று குறியுங்கள். மண்மூடி ஒடுங்கிய ஓடையில் இன்றைய தண்ணீர் ஓரத்தையே எல்லை என்பார்கள் மனை போடுபவர்கள். ஒப்பாதீர்கள், புலப்பட அகலம்தான் கணக்கு. சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். அதை ஏதோ மூலையில் தள்ளிவிடாமல், சாலையைத் தொட்டபடி ஓடைக்கரையோடு கேளுங்கள். மருதும் நாவலும் தப்பும். மரங்களுக்கு எண்ணிட்டு, சுற்றளவோடு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மனுவில் சேருங்கள். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும்.

வெட்டாமலும் மரம் சாகும்: அடிமரத்தைச் சுற்றி மண் நிரப்பினால் வேருக்குக் காற்று போகாது. இவற்றைக் கேட்டுக் கிராமசபையில் தீர்மானம் போட்டால், அதில் ஓடையின் புல எண் கட்டாயம் இருக்கட்டும்.