மருத்துவ சேவைப் பயணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வெளிநாட்டில் மருத்துவ சேவை செய்யக் கிளம்பும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ ஒரு கால அட்டவணை கைக்கு வந்துவிடும். எந்த நாள் எந்த ஊரில் முகாம், எத்தனை அறுவை சிகிச்சை, மயக்க மருந்து யார் கொடுப்பது, எல்லாம் அதில் இருக்கும். கூடப் போகும் கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அதில் ஒரு வரிகூட இருக்காது. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் அவர்களுக்கான திட்டம். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

ஊசியும் மாத்திரையும் கடைசி வாரத்தில்

டாக்டர் வீட்டிலேயே இது அதிகம் நடக்கும். வீட்டில்தான் டாக்டர் இருக்கிறாரே என்ற தைரியம். ஆனால் சில தேதிகளை யாராலும் வளைக்க முடியாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்னால் போய் இறங்கினால், சான்றிதழ் கேட்கும் நாடுகளில் விமான நிலையத்திலேயே சிக்கல். 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், பழைய மஞ்சள் அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுத்துவிடுங்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி வழக்கமாகப் போடுவதில்லை. கைக்குழந்தையோடு அப்படிப்பட்ட நாட்டுக்குப் போகலாமா என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டும், டிக்கெட் எடுத்த பிறகு அல்ல.

மலேரியா தடுப்பு மாத்திரையில் இன்னொரு குழப்பம்: வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்று நினைத்துவிடுவது. அப்பா சாப்பிடும் டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. மெஃப்ளோகுவின் வாரம் ஒரு முறை என்பதால் வசதி; ஆனால் கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு ஆகாது. அட்டோவகுவோன்–புரோகுவானில் என்ற மாத்திரையைக் கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும். கர்ப்பிணிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆக, ஒரே வீட்டில் மூன்று வகை மாத்திரை ஓடலாம். யாருக்கு எது என்று எழுதிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும்: மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்கு கொசு பகலில் கடிப்பது என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை போடுவது நல்லது.

வீட்டில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்காதது

இதுதான் பெரிய தவறு, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முகாமுக்குப் போகிறவர் காலையில் கிளம்பினால் அங்கே சகாக்கள் இருக்கிறார்கள், நோயாளிகள் நன்றி சொல்கிறார்கள், களைத்துப்போனாலும் ஒரு நிறைவு இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்கு மொழி தெரியாது, கடைக்கு வழி தெரியாது, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. இரவு எட்டு மணிக்கு வருகிறவர் அன்றைய நோயாளிகளின் கதையைச் சொல்கிறார். அதற்கு முன்னால் "தண்ணீர் வரவில்லை" என்ற புகார் அற்பமாகத் தெரிகிறது. அதனால் புகார் வெளியே வராமல் உள்ளேயே சேர்கிறது.

ஐரோப்பிய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். கூடப் போன மனைவி ஹெலேன் நர்ஸ் பயிற்சி பெற்றவர், அங்கே அவரோடு சேர்ந்து உழைத்தவர். ஹெலேனின் உடல்நலம் கெட்டது. 1924இல் ஷ்வைட்சர் மறுபடி கிளம்பியபோது ஹெலேனும் ஐந்து வயது மகளும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். ஷ்வைட்சர் திரும்பி வந்தது 1927இல். அந்த மூன்று வருடத்தின் கணக்கு பொதுவாகச் சேவையின் கதைக்குள் வருவதில்லை.

அதனால் கிளம்பும் முன்பே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, வாரத்தில் எந்த அரை நாள் முகாம் கிடையாது என்பது. தினமும் மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சைப் பட்டியல் இழுத்துக்கொண்டே போகும், வாக்கு மூன்றாம் நாளே உடையும். அரை நாள் விடுப்பைக் குழுத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடலாம். இரண்டாவது, வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்கு வெளியே ஒரு வேலை வேண்டுமா என்பது. மருந்துக் கணக்கு, பதிவேடு, முகாமுக்கு வரும் குழந்தைகளை வரிசையில் சமாளிப்பது, இதற்கெல்லாம் மருத்துவப் படிப்பு தேவையில்லை. சிலருக்கு அது வேண்டாம், அதுவும் சரிதான். ஆனால் யாரும் கேட்காமலே அவரைச் சமையலறைக்கு ஒதுக்கிவிடுவதுதான் தவறு. இன்னொன்று, சம்பளமில்லாத வேலையானாலும் பல நாடுகளில் சுற்றுலா விசாவில் செய்ய முடியாது. டாக்டருக்கு அந்த நாட்டுத் தற்காலிகப் பதிவு தேவைப்படுவது போல, உதவும் குடும்பத்தாருக்கும் என்ன தேவை என்று விசாரித்துவிடுங்கள்.

தண்ணீர் ஒரு முழுநேர வேலை

கொதிக்க வைத்துக் குடித்தால் போச்சு என்று சொல்வது சுலபம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் இந்தக் கூடுதல் நேரம். குடிக்க மட்டும் அல்ல: பல் தேய்க்க, பழம் கழுவ, பால் புட்டி அலச, ஐஸ் வைக்க எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். இரவில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் மாற்றினால் காலையில் ஓட வேண்டாம். வாய் திறந்த குடத்தில் குவளையை முக்கி எடுத்தால் கொதிக்க வைத்ததே வீண். இதோடு கையால் துணி துவைப்பது, மின்வெட்டில் சமைப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆளின் பகல் முழுக்கப் போய்விடும்.

உள்ளூரில் ஒருவரை வேலைக்கு வைக்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள், சேவைக்கு வந்த இடத்தில் பணியாளா என்று. என்னைக் கேட்டால் அந்தக் கூச்சம் தேவையில்லை. உள்ளூர்க் குழுவிடம் கேட்டு நியாயமான சம்பளம் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு வருமானம், உங்களுக்கு மொழியும் சந்தையும் தெரிந்த ஒரு துணை.

வயிற்றுப்போக்கு எப்படியும் ஒருவருக்காவது வரும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டையாக அளந்து கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

முகாமை வீட்டுக்குள் கொண்டுவருவது

முகாம் உடையோடும் செருப்போடும் நேராக வந்து குழந்தையைத் தூக்குவதை நிறுத்துங்கள். சிரங்கு, வயிற்றுக் கிருமிகள் எல்லாம் வீடு வரை வரும். வாசலில் செருப்பு, உள்ளே குளியல், அப்புறம்தான் கொஞ்சல். காசநோய் வார்டில் வேலை என்றால் முகக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாகத் தன் கையில் குத்திவிடுவது பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள், பயந்துவிடுவார்களாம். பேச வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், கட்டாயம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து முகாமில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே என்பது கிளம்பும் முன்பே தெரிய வேண்டும். தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை தம்பதியர் ஆணுறை பயன்படுத்த வேண்டும். இதைத் துணையிடம் சொல்லாமல் மறைத்தால் பாதுகாப்பு அவருக்கும் இல்லாமல் போகிறது.

பிள்ளைகள்

பெற்றோர் பயப்படுவது பெயர் தெரியாத காய்ச்சல்களுக்கு. ஆனால் 5 முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். முகாம் வண்டியில் சீட் பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கை பொருந்துமா, இரவில் வண்டி ஓடுமா, இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். லாரியின் பின்பக்கம் ஏறுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். இருந்தாலும் கூடாது.

நாய், பூனை, குரங்கு எதையும் தொடக் கூடாது என்பது முதல் நாளே சொல்ல வேண்டிய விதி. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கடியை மறைப்பார்கள், அதனால் திட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஆப்பிரிக்காவின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியே உடலுக்குள் புகும். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பி இறங்கக் கூடாது.

படிப்பை இணைய வகுப்பின் மேல் மட்டும் விடாதீர்கள். நேர வித்தியாசமும் சிக்னலும் சேர்ந்து பிள்ளையைச் சோர்வாக்கிவிடும். அச்சடித்த பாடங்கள், ஒரு நிலையான காலை நேரம், அது போதும். மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவமனைக் கப்பல்களில், நீண்ட நாள் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் கப்பலுக்குள்ளேயே பள்ளி நடக்கிறது. உங்களை அழைக்கும் அமைப்பிடமும் பள்ளிக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பதிலே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

பிள்ளைகளை "குட்டி டாக்டர்" ஆக்குவதும் வேண்டாம். பதின்ம வயது மகனை அறுவை அறையில் நிற்க வைப்பது, மகள் கையில் ரத்த அழுத்தக் கருவியைக் கொடுத்துப் படம் எடுப்பது, இதெல்லாம் உங்கள் சொந்த ஊர் மருத்துவமனையில் நடக்குமா? அங்கே நடக்காதது இங்கேயும் நடக்கக் கூடாது. நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் குடும்பக் குழுவில்கூடப் பகிராதீர்கள்.

பெட்டி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மீந்துபோன சாம்பிள் மருந்துகளைக் குடும்பப் பெட்டிகளில் பிரித்து அடைப்பது சுங்கத்தில் மாட்ட ஒரு வழி. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குடும்பத்தாரின் சொந்த மருந்துகள் சீட்டோடு கைப்பையில். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போகிறார் என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் சில நாடுகளில் கேட்பார்கள். காப்பீட்டில் அவசர மருத்துவ விமானம் டாக்டருக்கு மட்டுமா, குடும்பம் முழுக்கவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டாக்ஸிசைக்ளினையும் மெஃப்ளோகுவினையும் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், அட்டோவகுவோன்–புரோகுவானிலை ஏழு நாள். இரண்டு மாதம் கழித்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளியில் ஒட்டிய சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்து ஒரு வருடத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்த நாட்டில், எந்த மாதத்தில் இருந்தீர்கள் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.