ஃபுளோரைடு எலக்ட்ரோடு: உணர்திறனை நாமே தொலைக்கும் இடங்கள்

தண்ணீரில் உள்ள ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு இது. “எலக்ட்ரோடோட சென்சிடிவிட்டியை எப்படிக் கூட்டுறது?” என்று கேட்டு வருபவர்களுக்கு என் பதில்: கூட்ட முடியாது. செறிவு பத்து மடங்கு மாறினால் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட் நகரும். அது நெர்ன்ஸ்ட் சமன்பாடு போட்ட எல்லை. இந்த நகர்வைத்தான் ஸ்லோப் என்கிறோம்; அது 54 முதல் 60 வரை வந்தால் நிம்மதி. 48 என்று வந்தால் கையில் இருந்ததை எங்கோ விட்டிருக்கிறோம்.

பெரும்பாலும் விடுவது, அளக்கும் முன் கலக்கும் டிசாப் (TISAB) பஃபர் கரைசலில்தான். செறிவு தெரிந்த கரைசல்களான ஸ்டாண்டர்டுக்கெல்லாம் கலப்பார்கள்; தருமபுரிப் பக்கத்து போர்வெல் தண்ணீர் வந்தால், “தெளிவாத்தானே இருக்கு” என்று அப்படியே வைத்துவிடுவார்கள். எலக்ட்ரோடு முனையில் இருக்கும் லாந்தனம் ஃபுளோரைடு படிகச் சவ்வுக்குத் தனித்து நிற்கும் ஃபுளோரைடு மட்டுமே தெரியும். அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருப்பது கணக்கில் வராது. டிசாப்பில் உள்ள சிடிடிஏ அந்த உலோகங்களைத் தான் பிடித்துக்கொண்டு ஃபுளோரைடை விடுவிக்கிறது. பிஎச்சையும் 5-5.5ல் நிறுத்துகிறது. அதற்குக் கீழே போனால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும். காரம் ஏறினால் ஹைட்ராக்சைடு அயனியையும் ஃபுளோரைடு என்றே சவ்வு எண்ணிவிடும், உருவ அளவில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். ஸ்டாண்டர்டோ சாம்பிளோ, சம அளவு பஃபர் கட்டாயம்.

அடுத்தது சூடு. கரைசலைக் கலக்கும் ஸ்டிர்ரரின் மோட்டார் பீக்கரின் அடியை மெல்லச் சூடாக்கும், நாம் கவனிப்பதில்லை. நடுவில் ஒரு துண்டு தெர்மாகோல் வைத்தால் போதும். ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் சுமார் 4 சதவீதப் பிழை. லிட்டருக்கு 1.45 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 1.51 ஆகி, இந்தியத் தரநிர்ணயத்தின் 1.5 வரம்பைத் தாண்டிவிடும். ஊரே குடிக்கும் கிணற்றின் ரிப்போர்ட் அது!

படிகத்தின் முகத்தில் குமிழி ஒட்டினால் ரீடிங் ஆடும். எலக்ட்ரோடைச் சற்றுச் சாய்த்து இறக்குங்கள். மங்கிய படிகத்தை உப்புத்தாளால் தேய்த்தவரைப் பார்த்திருக்கிறேன், வேண்டவே வேண்டாம். ஃபுளோரைடு டூத்பேஸ்ட்டை ஈரத் துணியில் தொட்டு இலேசாகத் துடைத்து நன்றாக அலசினால் சரியாகும்.

குறைந்த செறிவுக்குப் பொறுமை வேண்டும். 10 மில்லிகிராம் ஸ்டாண்டர்டிலிருந்து நேராக 0.1க்குத் தாவாமல் கீழிருந்து மேலே போங்கள். 0.02 பக்கம் போனால் படிகமே சற்றுக் கரைந்து வெளிவிடுகிற ஃபுளோரைடும் கணக்கில் சேர்ந்து, ஸ்டாண்டர்டுகளை வைத்து வரையும் கோடு வளையும். அங்கே நேர்கோடு இழுக்காமல், அந்த எல்லைக்கென்று தனி ஸ்டாண்டர்டுகளை பிளாஸ்டிக் பீக்கரில் போட்டு, ரீடிங் நிலைக்கும்வரை காத்திருங்கள்.