பொங்கல் காசும் ஆற்றுத் திருவிழாவும்: பிள்ளைகளுக்குச் செலவுக் கணக்குப் பழக்குவது எப்படி

கடையில் போனைக் காட்டி ஸ்கேன் செய்ததும் ‘பணம் வந்தது’ என்று பெட்டி சத்தம் போடுகிறது. கடைக்காரருக்கு வந்தது சரி. நம்மிடமிருந்து போனது பிள்ளையின் கண்ணில் படவே இல்லை. அதனால் பத்து வயது வரைக்கும் இந்தப் பாடம் ரொக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு வாரம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு 10 ரூபாய் நாணயங்களாகக் கொடுங்கள். (அது செல்லாது என்று சொல்லும் கடைக்காரர் இன்னும் இருக்கிறார். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது.) கொடுக்கும் நாள் திங்கட்கிழமையாக இருக்கட்டும். சனிக்கிழமை கொடுத்தால் மறுநாள் சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சிலேயே காலியாகிவிடும். பிறகு ஒரு வாரம் வெறுங்கை. அவ்வளவு நாள் பொறுக்க அந்த வயதுக்கு முடியாது, நச்சரிப்புதான் மிஞ்சும்.

இரண்டு நாணயம் செலவுக்கு, இரண்டு சேமிப்புக்கு. மண் உண்டியல் பார்க்க அழகு, பழக்கத்துக்கு உதவாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பணத்தைப் பிள்ளை மறந்துவிடும். கழுவிக் காயவைத்த கண்ணாடி ஊறுகாய் பாட்டில் போதும். முதல் இலக்கு மூன்று நான்கு வாரத்தில் எட்டக்கூடியதாக இருக்கட்டும்: 60 ரூபாய் பந்து என்றால் மூன்று வாரம். எடுத்தவுடன் சைக்கிள் என்று வைத்தால் இரண்டாவது வாரமே சலித்துவிடும்.

வியாழக்கிழமையே காசு தீர்ந்துபோனால்? தரக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் பாடம் கெடுவது இங்கேதான். அப்பா மறுத்ததை ஆயா முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்: கொடுக்க ஆசைப்பட்டால் சேமிப்பு பாட்டிலில் போடட்டும். அதே சமயம், குறும்பு செய்ததற்காகவோ மார்க் குறைந்ததற்காகவோ வாரக் காசைப் பிடிக்காதீர்கள். வருமா வராதா என்று தெரியாத பணத்துக்கு யாராலும் திட்டம் போட முடியாது.

கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நல்ல பரீட்சை ஒன்று வருகிறது. காணும் பொங்கலுக்குள் சொந்தக்காரர்கள் கொடுத்த காசு கைக்கு வந்துவிடும். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையாற்றில் திருவிழா. இடையில் கிடைக்கும் ஓரிரு நாளில் திட்டம் போட வேண்டும்.

500 ரூபாய் சேர்ந்திருந்தால் 300-ஐ முதலிலேயே பாட்டிலில் போடச் செய்யுங்கள். மீதி 200-க்குப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும்: ராட்டினம் 50, தின்பண்டம் 40, பொம்மை 80. இதுவரை 170. மிச்சம் 30-ஐ எழுதாமல் விடச் சொல்லுங்கள். போன இடத்தில் தோன்றும் ஆசைக்கு அது. ராட்டினம் உள்ளூர் நிலவரத்தைவிடக் குறைவாக எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பொம்மை விலை தப்பாக இருந்தால் சொல்ல வேண்டாம், அங்கே போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றைக்கு 200 ரூபாயைப் பத்து ரூபாய்த் தாள்களாக, எழுதிய செலவுக்கு ஒரு கவராகப் பிரித்து வையுங்கள். முழு நூறு ரூபாய்த் தாளை ஒருமுறை மாற்றிவிட்டால் மிச்சம் எங்கே போனது என்று பிள்ளைக்குப் பிடிபடாது. ஆற்றில் இறங்கியதும் முதல் சுற்று வெறும் பார்வைதான், எதையும் வாங்குவதில்லை. ஒரே பொம்மை கடைக்குக் கடை என்ன விலை என்று பிள்ளையே கேட்கட்டும். இரண்டாம் சுற்றில் வாங்கலாம். பொம்மை 100 என்றால் அந்த 20 எந்தக் கவரிலிருந்து வரும் என்று அதுவே முடிவு செய்யட்டும். உங்கள் பர்ஸ் திறக்கக்கூடாது. வீட்டுக்கு வேண்டிய சுருளிக்கிழங்கும் கரும்பும் உங்கள் கணக்கு, அதைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

வாங்கிய பொம்மை வீடு வருவதற்குள் உடைந்தால் ‘அப்பவே சொன்னேனே’ வேண்டாம். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘உடைந்தது’ என்று எழுதவைத்தால் போதும். அடுத்த வருஷம் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

எட்டு ஒன்பது வயதில் மார்க்கெட் வேலை கொடுக்கலாம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டோ திருப்பாதிரிப்புலியூரோ, கையில் 100 ரூபாயும் நான்கு பொருள் பட்டியலும்: அரை கிலோ தக்காளி, கால் கிலோ வெண்டை, கொத்தமல்லி, எலுமிச்சை. மீதிச் சில்லறையைக் கடை முன்னாலேயே எண்ண வேண்டும். மளிகைக் கடையில் பெரிய பாக்கெட்டுதான் மலிவு என்று நம்பிவிடாமல், கிராமுக்கு என்ன விலை என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் அதையும் அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வகுத்துப் பார்க்கட்டும். சில சமயம் இரண்டு சின்ன பாக்கெட்டே லாபம். எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் தரவேண்டியதில்லை என்பதையும் இந்த வயதிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்து வயது முடிந்ததும் தபால் நிலையத்தில் பிள்ளை பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். குறைந்தது 500 ரூபாய் வேண்டும், பிள்ளையே கையெழுத்துப் போட்டு இயக்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பெற்றோரின் அடையாள ஆவணங்களோடு போங்கள். பணம் கட்டும் சீட்டைப் பிள்ளையே நிரப்பட்டும். கவுண்டரில் நீங்கள் பின்னால் நில்லுங்கள்.