மொரியோகா நிலையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் மாறினாலும் மொரியோகா நிலையத்தில் நடக்கும் தவறுகள் மாறுவதில்லை. பிளாட்பாரம் மாறிப்போவது, பெட்டி மாறி ஏறுவது எல்லாம் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாஸ் இருக்கிறதே என்று லோக்கல் ரயிலில் ஏறுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜப்பான் ரயில் பாஸ், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே குழுமம்) ரயில்களுக்கானது. மொரியோகாவில் ஓடுவதெல்லாம் ஜேஆர் ரயில் இல்லை. 2002 டிசம்பர் 1 அன்று ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் மொரியோகாவைத் தாண்டி வடக்கே ஹச்சினோஹே வரை நீண்டது. அதே நாளில், அதற்கு இணையாக ஓடிய பழைய தொஹோகு (வடகிழக்கு) பிரதானப் பாதையை, ஜேஆரின் கிழக்குப் பகுதி நிறுவனமான ஜேஆர் ஈஸ்ட் கைவிட்டது. ஷின்கான்சென் வந்தால் பக்கத்துப் பழைய பாதை உள்ளூர் நிறுவனத்துக்குப் போவது அங்கே வழக்கம். இவாத்தே மாநிலப் பகுதி, அதாவது மொரியோகாவிலிருந்து மெத்தோகி வரையிலான 82 கிலோமீட்டர், ஐஜிஆர் இவாத்தே கிங்கா ரயில்வேயிடம் போனது. மெத்தோகிக்கு வடக்கே ஆஓஇமோரி ரயில்வே. ஒரே ரயில் நேராக ஓடுவதால், நிறுவனம் மாறுவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு குடும்பத்துக்காக மொரியோகாவில் காத்திருந்தேன். ஒரு பயண முகவர் கொடுத்த அட்டவணையில் 'ஹச்சினோஹே – மொரியோகா, லோக்கல் ரயில், பாஸில் இலவசம்' என்று இருந்ததாம். இவாத்தே மலையை ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே மெதுவாக வரலாம் என்ற ஆசையில் தப்பில்லை. ஹச்சினோஹேயில் ஜேஆர் தடமும் இருப்பதால் பாஸைக் காட்டி உள்ளே போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது இங்கே, ஐஜிஆர் வாசலில். ஊழியர் பாஸை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார், கால்குலேட்டரில் தட்டினார், அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒருவருக்கு மூவாயிரம் யென்னுக்கு மேல். பெரியவர்களே நான்கு பேர். "பாஸ் இருக்கே அண்ணா?" என்று குடும்பத் தலைவர் வாசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கேட்டார். ஊழியர் மேல் குற்றமே இல்லை, விதி அப்படி.

என்னை உறுத்துவது இதுதான்: அதே ஊர்களுக்கு இடையே ஷின்கான்சென் சுமார் அரை மணி நேரத்தில் போய்விடும். அதில் அவர்கள் பாஸ் செல்லும், இருக்கை முன்பதிவுக்கும் தனிக் காசு இல்லை. 7 நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறியது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு, மெதுவாகப் போகும் ரயிலுக்குத் தனியாகப் பணம் கட்டுவது வயிற்றெரிச்சல்தானே. மலையை ரசிக்கத்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேஆர் ஈஸ்ட் விற்றுவந்த தொஹோகு வட்டாரப் பாஸில் ஐஜிஆர், ஆஓஇமோரி இரண்டும் அடக்கம். அதை வைத்துப் போனவர் "நான் காசே கட்டவில்லை" என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் உங்கள் கையில் இருப்பது நாடு முழுக்கச் செல்லும் பாஸ் என்றால் கதை வேறு. யார் சொன்னார்கள் என்பதைவிட எந்தப் பாஸ் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

ஹனவா தடம் ஜேஆர்தானே என்று நினைப்பது

ஜேஆர்தான், ஆனால் கோமாவிலிருந்துதான். மொரியோகாவிலிருந்து கோமா வரையிலான 21.3 கிலோமீட்டர் ஐஜிஆர் தண்டவாளம். ஒதாத்தே போகும் ஹனவா தட ரயில் அந்தப் பாதையில்தான் போயாக வேண்டும். நாடு தழுவிய பாஸ் வைத்திருப்பவர் கோமா வரைக்கும் ஐஜிஆர் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஏறினால், இறங்கும்போது வசூலிப்பார்கள். பணம் சில நூறு யென்தான். ஆனால் வாசலில் நின்று வாதாடி ரயிலை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும். இந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு ஓடுவதே சில ரயில்கள்தான்.

மேல்தளத்திலேயே தேடிக்கொண்டிருப்பது

ஜேஆர் வாசல்கள் இரண்டாம் தளத்தில். ஐஜிஆருக்குக் கீழ்த்தளத்தில் தனி வாசல், 0 மற்றும் 1 எண் பிளாட்பாரங்கள். ஹனவா ரயிலும் அங்கேதான்.

ஐஜிஆரில் சுய்க்கா (முன்பணம் போட்டு வாசலில் தட்டிப் போகும்) கார்டை நம்புவது

வேண்டாம். காகித டிக்கெட் வாங்குங்கள்.

வடக்கே கிடைக்கும் சலுகையைத் தவறாகப் படிப்பது

ஹச்சினோஹேக்கு வடக்கே மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. நொஹெஜியில் தொடங்கும் ஜேஆரின் ஒமினாத்தோ தடம் வேறு எந்த ஜேஆர் தடத்தையும் தொடுவதில்லை. அதனால் ஹச்சினோஹே, நொஹெஜி, அஓமோரி ஆகிய மூன்றுக்கும் இடையே ஆஓஇமோரி லோக்கல் ரயிலில் நாடு தழுவிய பாஸோடு போகலாம். ஆனால் இறங்கும் இடமும் அந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் மிசாவாவிலோ அசாமுஷி ஒன்சென்னிலோ இறங்கினால் சலுகை போச்சு, ஏறிய இடத்திலிருந்து கட்டணம் கேட்பார்கள். அசாமுஷி வெந்நீர்க் குளியலுக்கு ஆசைப்பட்டால், பாஸில் அஓமோரி வரை போய்விட்டு அங்கிருந்து தனி டிக்கெட்டில் திரும்பி வாருங்கள். அஓமோரியிலிருந்து அது பக்கம்தான், செலவும் குறைவு.